பருத்த சாய்வெழுத்து: அதன் இயல்பும் ஆட்சியும்

எழுத்து வடிவங்களை ஆராய்வோர் பெரும்பாலும் நூலெழுத்தினையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொள்வர். கல்லில் வளர்ந்தது, ஏட்டில் திரிந்தது, அச்சில் நிலைபெற்றது என எழுத்தின் வரலாற்றைப் படிகளாக வகுத்து, அச்சு என்னும் படிக்கு வந்தபின் நூலச்சோடு நின்றுவிடுதல் வழக்கமாக உள்ளது. சுவரில் ஒட்டப்பெற்ற அறிவிப்பும் தெருவில் கையளிக்கப்பெற்ற துண்டுத்தாளும் இவ்வாராய்ச்சியின் எல்லைக்குள் வருதல் அரிது. ஆயினும் கடந்த இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பிய அச்செழுத்தின் வடிவில் நேர்ந்த பெருமாறுதல்கள் பல தெருவிலே பிறந்தவை. அவற்றுள் ஒன்றனை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். உரோமன் எழுத்துக் குடும்பத்தைச் சார்ந்ததும், முனைக்கோடுகளை உடையதும், மிகப் பருத்ததும், வலப்புறம் சாய்ந்ததுமாகிய காட்சியெழுத்து அது. ஆங்கில நாட்டு அச்சுத் தொழிலார் அதனை ‘ஃபேட் ஃபேஸ் இட்டாலிக்’ என்பர். நாம் பருத்த சாய்வெழுத்து என வழங்குவோம்.

சொற்கள் சிலவற்றை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். நெடுநேரம் தொடர்ந்து படித்தற்கென அமைந்தது நூலெழுத்து. தொலைவிலிருந்தும் ஒரு நோக்கில் கண்ணைக் கவர்தற்கென அமைந்தது காட்சியெழுத்து. எழுத்தின் தண்டு முடியும் இடத்தில் குறுக்கே அமையும் சிறு கோட்டினை மேனாட்டார் செரிப் என்பர். நாம் அதனை முனைக்கோடு என்கின்றோம். சாய்வும் பருமையும் இக்காலத்தார் எண்ணுமாறு ஓரினப் பண்புகள் ஆகா. ஒன்று கையெழுத்தின் விரைவினின்று பிறந்தது. மற்றொன்று வாணிகத்தின் கூவலினின்று பிறந்தது. இவ்விரண்டற்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் உள்ளன. இவை ஓரெழுத்தில் கூடிய வரலாறே நம் ஆராய்ச்சிக்குரியது.

சாய்வெழுத்து 1501ஆம் ஆண்டில் வெனிசு நகரில் தோன்றியது. ஆல்டஸ் மனூஷியஸ் என்னும் பதிப்பாளர், அக்காலப் புலமையாளரும் அலுவலகத்தாரும் விரைந்து எழுதிய கையெழுத்தினை ஒட்டி, பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் அச்சு வெட்டுநரைக்கொண்டு இவ்வெழுத்தினை அமைத்தார். வர்ஜிலின் நூல் சிறிய எட்டுமடிப்பு வடிவில் முழுவதும் இவ்வெழுத்தால் வெளிவந்தது. அன்று சாய்வெழுத்துத் தன்னளவில் ஒரு நூலெழுத்தாகவே நின்றது என்பதனை மறத்தலாகாது. ஒரு சொல்லை வற்புறுத்துதல் அதன் தொழிலாக இருக்கவில்லை. தலையெழுத்துகள் அப்பொழுது நிமிர்ந்தே நின்றன, சிற்றெழுத்துகளே சாய்ந்தன. நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாக, அதன் நடுவே ஒரு சொல்லையோ தொடரையோ வேறுபடுத்திக் காட்டும் நிலைக்கு அது வந்தது பதினாறாம் நூற்றாண்டின் போக்கில்தான்.

அவ்வாறு துணையெழுத்தாகிய பின்னும் அதன் பொருள் ஒருபடித்தாய் இருந்திலது. 1560இல் வெளிவந்த செனீவா விவிலியத்தில், மூலத்தில் இல்லாது மொழிபெயர்ப்பாளர் தாம் சேர்த்த சொற்கள் சாய்வெழுத்தில் அமைக்கப்பெற்றன. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமும் பின்னர் உரோமன் எழுத்தில் அச்சான பதிப்புகளில் இம்முறையையே மேற்கொண்டது. எனவே சாய்ந்த சொல் அங்கே அழுத்திப் படித்தற்குரியதன்று; மூலத்திற்குப் புறம்பானது என ஒதுக்கிக் காட்டப்பெற்றது. இக்காலப் படிப்பாளர் அப்பழைய பதிப்பினைக் கையில் எடுத்தால், மொழிபெயர்ப்பாளர் அடக்கத்தோடு ஒதுக்கிவைத்த சொற்களையே உரத்துப் படிக்க நேரும். வடிவம் ஒன்றாகவே நிற்க, அதன் பொருள் காலத்தால் தலைகீழாதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. சாய்வெழுத்தின் அடிப்படைப் பண்பு வேறுபாடு காட்டுதலே. அழுத்தம் என்பது அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள்களுள் ஒன்று என்பது இதனாற் போதரும்.

பருத்த எழுத்தோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை அச்சகத்தில் தனி இனமாக வழங்கவில்லை. பெரிதாகக் காட்டவேண்டின் பெரிய அளவுள்ள எழுத்தையே எடுத்தனர்; எழுத்தின் தண்டைப் பருக்கச்செய்யும் எண்ணம் எழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் இந்நிலை மாறியது. 1794இல் தாமஸ் காட்ரெல் என்பாருடைய வார்ப்படச்சாலையை வாங்கிய ராபர்ட் தார்ன் என்பவர், பின்னர் ஃபான் தெருவில் தொழில் நடத்தி, எழுத்துகளை மேன்மேலும் பருக்கச் செய்தார். இம்மாறுதலில் அவர்க்கே பெரும்பங்கு உண்டென வில்லியம் சாவேஜ் 1822இல் வெளியிட்ட தம் அச்சுக்கலை நூலில் குறித்துள்ளார். வின்சென்ட் ஃபிகின்ஸ் முதலிய பிற வார்ப்பாளரும் பின்தங்கவில்லை. நிமிர்ந்த பருத்த எழுத்தும் சாய்ந்த பருத்த எழுத்தும் அவர்தம் மாதிரிப் புத்தகங்களில் அடுத்தடுத்து இடம்பெற்றன.

இவ்வெழுத்தினை விரும்பிப் பெற்றோர் யாவர்? நாடகக் கொட்டகையார், ஏலம் விடுவோர், குதிரைவண்டிப் போக்குவரத்து நடத்துவோர், இவர்கள் அனைவரினும் மேலாகக் குலுக்குச்சீட்டு விற்போர். இங்கிலாந்தில் அந்நாளில் அரசே குலுக்குச்சீட்டினை நடத்தியது. ஒப்பந்தக்காரர் சீட்டுகளை மொத்தமாகப் பெற்று மக்களிடம் விற்றனர். தாமஸ் பிஷ் என்னும் ஒப்பந்தக்காரர் துண்டுத்தாள் விளம்பரத்தால் பெயர்பெற்றவர். பரிசுத்தொகையும் குலுக்கும் நாளும் கடந்து செல்வோன் கண்ணில் தைக்கவேண்டும். எழுத்தறிவு குறைந்தோனும் எண்ணைக் கண்டு நிற்கவேண்டும். அதற்கெனவே பருத்த எண்கள் வெட்டப்பெற்றன என்று சொல்லும் அளவுக்கு அத்தாள்களில் அவை நிறைந்து கிடக்கின்றன.

தார்ன் 1820இல் இறந்தார். அவருடைய வார்ப்படச்சாலை ஏலத்திற்கு வந்தபொழுது, அத்தொழிலில் முன்பின் பழக்கமில்லாத வில்லியம் தரோகுட் என்பவர் அதனை வாங்கினார். வாங்கிய பணம் அரசுக் குலுக்குச்சீட்டில் அவர்க்குக் கிடைத்த பரிசு என அச்சுக்கலை வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளனர். குலுக்குச்சீட்டினை விற்றுக்கொடுத்த எழுத்தே குலுக்குச்சீட்டுப் பணத்தால் விலைபோனது கதைபோலத் தோன்றினும், நிகழ்ந்ததாகவே கொள்ளப்பெறுகின்றது. தார்னின் பருத்த எழுத்துகள் அச்செடுத்த மாதிரிப் புத்தகமாகப் பரவியது தரோகுட்டின் கையில்தான். பிற்காலத்தில் அவ்வெழுத்துக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. அரசுக் குலுக்குச்சீட்டு 1826 அக்டோபர் 18ஆம் நாளோடு முடிவுற்றது. எழுத்து முடிவுறவில்லை.

இனி இதன் வடிவியல்பினைக் காண்போம். இவ்வெழுத்தில் தண்டின் அகலம் எழுத்தின் உயரத்திற் பாதியை நெருங்கும். ஆயினும் எல்லாக் கோடுகளும் பருத்தவை அல்ல. தண்டு எத்துணைப் பருத்ததோ அத்துணை மெல்லியதாக இணைப்புக்கோடு மயிரிழையாய் நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் பொதோனியும் பிரான்சில் திதோ குடும்பத்தாரும் வளர்த்த பருமை மென்மை முரணினை, மயிரிழையை அப்படியே விட்டுத் தண்டினை மட்டும் ஊதிப் பெருக்கினாற் கிடைப்பது இவ்வெழுத்து. ஆங்கில ‘ஓ’ என்னும் எழுத்தைக் கண்டால் இது விளங்கும். புறத்தே முட்டை வடிவாகப் பெருத்து, அகத்தே கத்தி கீறினாற்போன்ற ஒரு வெண்கீற்று மட்டும் எஞ்சி நிற்கும். வெண்மை உள்ளே ஒடுங்க ஒடுங்கக் கருமை வெளியே பேசுகின்றது.

இக்கருமையைச் சாய்த்தவுடன் புதியதொரு பண்பு தோன்றுகின்றது. நிமிர்ந்த பருத்த எழுத்து தூண்வரிசை போன்று அசையாது நிற்பது. சாய்ந்ததோ ஓடுகின்றது, அதுவும் பருவுடலான் ஒருவன் மிகுந்த விரைவோடும் எதிர்பாராத நயத்தோடும் ஓடுவதுபோல ஓடுகின்றது. இதனைக் காண்போர் முகத்தில் சிறு நகை தோன்றுவது இயல்பு. இந்நகைச்சுவை இவ்வெழுத்தின் குற்றமன்று, குணம் என்றே நாம் கருதுகின்றோம். சிற்றெழுத்துகளில் நுழையும் கோடும் வெளியேறும் கோடும் மயிரிழை வளைவுகளாகி ஓரெழுத்தை அடுத்த எழுத்தின்பால் ஈர்க்கின்றன. ‘ஏ’ ஒற்றை அறையுடையதாகின்றது. ‘எஃப்’ அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி வளைகின்றது. ‘சி’, ‘ஆர்’ முதலியவற்றின் நுனியில் திரண்ட குமிழ் ஒன்று தொங்குகின்றது. இவை நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிச் சாய்த்ததனால் வந்தவை அல்ல. பேனாவின் விரைவு முந்நூறு ஆண்டுகட்குப் பின்னும் இக்கொழுத்த உடலில் உயிர்த்து நிற்கின்றது. எண்களில், அவற்றுள்ளும் 2, 3, 5 ஆகியவற்றில், குமிழும் மயிரிழையும் தண்டும் ஒருங்கு கூடி, இவ்வினத்தின் அழகு முழுவதும் வெளிப்படக் காணலாம். சீட்டு விற்றோர் எண்ணையே பெரிதும் நம்பினர் என்பதனை ஈண்டு நினைக.

அச்சிடுவோர்க்கு இவ்வழகு எளிதாக வாய்க்கவில்லை. பருத்த தண்டு கருமை குன்றாது பதிய மிகுந்த மையும் அழுத்தமும் வேண்டும். அவ்வழுத்தத்தையே மயிரிழை பொறுக்காது நசுங்கும் அல்லது முறியும். ஸ்டான்ஹோப் பெருமகனார் 1800ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த இரும்பு அச்சுப்பொறி, மரப்பொறி தரவியலாத அழுத்தத்தைத் தந்திராவிடின் இத்துணைக் கருமையைத் தாளில் ஏற்றுதல் கடினமாக இருந்திருக்கும். அப்பொறியிலும் தண்டு விழும் இடத்திற்குத் தாள்துண்டு ஒட்டி உயர்த்தியும், மயிரிழை விழும் இடத்தில் குறைத்தும் அச்சாளர் சரிசெய்ய வேண்டியிருந்தது. சாய்வெழுத்துக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. உலோக எழுத்தின் அடியுடல் நேரான நாற்கட்டம். அதன்மேல் எழுத்து சாய்ந்தால் அதன் தலை கட்டத்திற்கு வெளியே நீளும். ஆதரவின்றி நீண்ட அப்பகுதி அச்சுக்கோப்பவர் கைபட்டாலும் ஒடியும். ஒடியாதவாறு கட்டத்தினை அகலமாக்கினாலோ எழுத்துகளுக்கிடையே பிளவு தோன்றும். பழைய துண்டுத்தாள்களில் ‘எஃப்’ என்பதனை அடுத்துச் சில இடங்களில் காணப்படும் பல்விழுந்தாற்போன்ற இடைவெளிக்குக் காரணம் இதுவே.

பெரிய அளவுகளில் எடையும் ஒரு சிக்கலாயிற்று. நான்காம் வில்லியம் காஸ்லான் 1810இல் பெரிய எழுத்துகளை வார்த்தற்குப் புதிய அச்சுக்குழி முறையினைக் கொணர்ந்தார். அதற்கும் மேற்பட்ட அளவுகளுக்கு மரமே தீர்வாயிற்று. நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் பொறியால் மரவெழுத்தினைக் கடைந்தெடுக்கத் தொடங்கியபின், சுவரளவுத் தாளுக்கும் குறைந்த விலையில் எழுத்துக் கிடைத்தது.

துண்டுத்தாளில் இவ்வெழுத்து எவ்வாறு ஆளப்பெற்றது என்பதே நம் ஆராய்ச்சியின் நடுப்பொருள். நாடக அறிவிப்புத் தாள் ஒன்றில் ஏறக்குறைய எல்லா வரிகளும் பார்வையாளனைக் கூவி அழைக்கின்றன. நாடகத்தின் பெயர் பருத்த நிமிர்ந்த எழுத்தில் நிற்க, அதனை அடுத்து நடிகர் பெயரும் அதே எழுத்தில் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். ஆகவே இரண்டாம் குரல் ஒன்று வேண்டியதாயிற்று. வலிமை குறையாமலும் நிறம் மாறாமலும் நடைமட்டும் வேறுபடவேண்டும். அவ்விடத்தைப் பருத்த சாய்வெழுத்து நிரப்பியது. நூலில் மெல்லிய சாய்வெழுத்து நிமிர்ந்த எழுத்துக்கு எவ்வாறு துணையோ, தெருவில் பருத்த சாய்வெழுத்து பருத்த நிமிர்ந்த எழுத்துக்கு அவ்வாறே துணை. இவ்வுறவினை உணராதார் இதனைத் தனியே பிரித்து ‘அளவு கடந்த அழுத்தம்’ எனக் கொண்டு இடர்ப்படுவர். பிறந்த இடத்தில் இது அழுத்தத்தின் மேல் அழுத்தமாக நிற்கவில்லை; உரத்த குரல்களுக்கிடையே ஒரு வேறுபாடாக நின்றது.

அக்காலப் புலமை இதனை ஏற்கவில்லை. தாமஸ் கர்சன் ஹான்சார்டு 1825இல் வெளியிட்ட அச்சுக்கலைப் பெருநூலில் பருத்த எழுத்துகளைக் கடிந்து, அவை அச்சுக்கலைக்கு நேர்ந்த சீர்கேடு என்னும் கருத்துப்பட எழுதினார். அவர் கூற்றில் ஒருபாதி உண்மை. நூலின் உள்ளே இவ்வெழுத்தைப் புகுத்தியபொழுது பக்கம் புள்ளிபட்டுச் சிதைந்தது. ஆயின் தெருவுக்கென அமைந்ததனை நூலின் அளவுகோலால் அளந்து தள்ளுதல் முறையன்று. கூத்துக்களரியின் முழவினை வீணையோடு ஒப்பிட்டுக் குறைகூறுவார் உளரோ? பதிப்பாளர் மேசைமேல் நூல்கள் வாங்கிப் படித்தார் சிலராக, சுவரில் எழுத்தைக் கண்டு நின்றார் பல்லாயிரவர். அவர்தம் எழுத்தினை ஆராய்ச்சிக்குப் புறம்பெனத் தள்ளுதல் நாட்டுப்பாடலை இலக்கிய வரலாற்றினின்று தள்ளிய பழம்பிழையையே ஒக்கும். 1938இல் நிக்கலெட் கிரே அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டு அலங்கார எழுத்துகளைப் பற்றி நூல் எழுதிய பின்னரே இத்துறை புலமையாளர் நோக்கினைப் பெற்றது.

நூலுக்குள் பருமை வந்தது வேறொரு வாயிலாக. தரோகுட்டின் கூட்டாளியாக அதே ஃபான் தெருச் சாலையில் இருந்த ராபர்ட் பெஸ்லி, 1845இல் கிளாரண்டன் என்னும் எழுத்தினைப் பதிவுசெய்து வெளியிட்டார். அளவான பருமையும் தடித்த முனைக்கோடும் உடைய அது, நூலெழுத்தோடு ஒரே வரியில் நிற்கவல்லது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தலைச்சொற்கள் அவ்வகை எழுத்தில் அமைந்தமை யாவரும் அறிந்தது. தெருவின் கூவலையும் அகராதியின் குறிப்பினையும் ஒரே வார்ப்படச்சாலை ஒரு தலைமுறைக்குள் தந்தது வியப்பிற்குரியது.

அங்ஙனமாயினும் பருமையும் சாய்வும் கூடிய எழுத்து நூலுக்குள் நெடுங்காலம் இடம்பெறவில்லை. லினோடைப் பொறியில் ஓர் அச்சுக்குழித் துண்டு இரண்டு வடிவங்களையே தாங்கும். நிமிர்ந்ததோடு சாய்ந்ததோ, நிமிர்ந்ததோடு பருத்ததோ வரும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் வேறு பெட்டகம் வேண்டும். இக்கட்டுப்பாடு எழுத்தாளரை அடக்கி வைத்தது. 1985இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் பொறியில் டைம்ஸ் எழுத்து நிமிர்ந்தது, சாய்ந்தது, பருத்தது, பருத்துச் சாய்ந்தது என நான்காகவே அமைந்திருந்தது. அன்றுமுதல் இந்நான்கும் ஒரு குடும்பம் என்பது பொதுக்கருத்தாயிற்று. இரண்டு பொத்தான்களை அழுத்தினாற் போதும் என்னும் நிலை வந்தது. நம்மிடம் மதிப்பீட்டிற்கு வந்த ஆய்வேடு ஒன்றில் மேற்கோள், நூற்பெயர், சிறுதலைப்பு, ஆய்வாளர் தம் முடிபு ஆகிய நான்கும் பருத்த சாய்வெழுத்தாகவே இருக்கக் கண்டோம். பக்கத்திற்குப் பக்கம் அவ்வெழுத்தே மிக்கமையால், இறுதியிற் கண் சென்று தங்கியது இடையிடையே வந்த மெல்லிய வரிகளில்தான்.

காட்சிக்கு என அமைந்த பருத்த சாய்வெழுத்து இதனின் வேறு. அது பெரிதாக நின்றாலன்றிப் பயன்தராது. 24 பாயிண்டுக்குக் கீழே அகவெளி அடைந்து, மயிரிழை மறைந்து, கரும்பொட்டுகளின் வரிசையே எஞ்சும் என்பது நம் கருத்து. ஐந்தாறு சொற்களுக்கு மேல் அதனால் இயலாது. தலையெழுத்துகளை மட்டும் கொண்டு ஒரு வரியை அமைத்தலும் தகாது. சிற்றெழுத்தின் வளைவில்தான் அதன் ஓட்டம் உள்ளது, தலையெழுத்துகள் சாய்ந்த மதில்போலத் தோன்றும். சுற்றிலும் வெண்மை மிகுதியாக வேண்டும். அருகே வரும் எழுத்து மெல்லியதாக இருத்தல் வேண்டும். நூலின் மேலட்டை, இதழின் பெயர், கடைப்பலகை, விழா அறிவிப்பு ஆகியவற்றிற்கு அது நன்கு பொருந்தும். துயரச்செய்திக்கும் சட்ட அறிவிப்புக்கும் பொருந்தாது; மேற்கூறிய நகைப்பண்பு அங்கே ஊறு செய்யும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெழுத்து இருமுறை புத்துயிர் பெற்றது. 1928இல் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் அமெரிக்க வார்ப்படக் கழகத்திற்காக அமைத்த அல்ட்ரா பொதோனி, பெயரளவில் பொதோனியுடையதாயினும் உடலளவில் இலண்டன் தெருவுடையதே. அதற்கும் சாய்வெழுத்து உண்டு. பின்னர் 1992இல் மாத்யூ கார்ட்டர், ஃபிகின்ஸ் வார்ப்படச்சாலையின் பழைய மாதிரிகளை ஆராய்ந்து, கணினிக்கென ஓரெழுத்தினை நிமிர்ந்தும் சாய்ந்தும் அமைத்தார். அதற்கு ‘எலிஃபண்ட்’ எனப் பெயர் இடப்பெற்றது. பெருமையும் நயமும் ஒருங்குடைய விலங்கின் பெயர் இதனினும் பொருந்த வேறு எவ்வெழுத்துக்கு அமையும்! சாய்ந்த எலிஃபண்டினைப் பெரிதாக்கி நோக்குவார்க்கு, அதன் குமிழும் மயிரிழையும் கையால் வரையப்பெற்றவை என்பதும், நிமிர்ந்த எலிஃபண்டினைப் பொறியால் தள்ளிச் சாய்த்தால் இவ்வடிவம் வாராது என்பதும் விளங்கும்.

தமிழெழுத்துக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பு இவ்விடத்தேதான் எழுகின்றது. தமிழில் சாய்வெழுத்துக்குத் தனி மரபு இல்லை. ஆங்கிலத்தார் சொல்லைச் சாய்த்து உணர்த்தும் அழுத்தத்தினைத் தமிழ் தேற்றேகாரத்தாலும், பிறிதின் நீக்கத்தினைப் பிரிநிலை ஏகாரத்தாலும் சொல்லிலேயே உணர்த்துவது. ஆங்கில உரையில் சாய்ந்து நின்ற சொல்லைத் தமிழாக்குவோர் அதனையும் சாய்த்து அச்சிடுவதினும் ஓர் ஏகாரம் சேர்த்தலே நிறைவுடையது. ஆயின் ஏகாரம் சுவரில் ஒட்டிய தாளைத் தொலைவிலிருந்து காட்டமாட்டாது. காட்சியெழுத்தின் தேவை தமிழுக்கும் உண்டு. திரைப்பட விளம்பரம் வரைந்த ஓவியர் பருத்துச் சாய்ந்த தமிழெழுத்துகளைத் தூரிகையால் எழுதிக் காட்டினர். கணினியின் சாய்வுப் பொத்தானோ அவர் செய்ததனைச் செய்வதில்லை. அது எழுத்தினை ஒரு பக்கமாகத் தள்ளுகின்றது. ட, ப, ம ஆகியவற்றின் நேர்த்தண்டுகள் சாய, அடிக்கோடு மட்டும் அசையாது நிற்கின்றது. புள்ளி தன் எழுத்தை விட்டு அடுத்த எழுத்தின்மேல் ஏறுவது போலத் தோன்றுகின்றது. பருமையும் கூடினால் ண, ன, ற ஆகியவற்றின் சுழிகள் அடைபடுகின்றன. தூரிகையாளர் ணகரத்தை எழுதுங்கால் முதற்சுழியைச் சிறிதாக்கி, இடையே ஒரு வெண்கீற்றினை விட்டு, இறுதித் தண்டில் கருமை முழுவதனையும் ஏற்றுவார். இலண்டன் வெட்டுநர் ‘ஓ’ என்பதன் நடுவே விட்ட கீற்றும் இதுவும் ஒரே தேவைக்கு இரு கைகள் கண்ட ஒரே தீர்வாகும். தமிழுக்குப் பருத்த சாய்வெழுத்து அமைக்க முற்படுவோர் தொடங்குதற்குரிய இடம் அவ்வோவியர் விட்டுச்சென்ற பலகைகளும் தாள்களுமே; அவையோ ஆண்டுதோறும் வெயிலில் வெளிறியும் கிழிபட்டும் குறைந்துகொண்டே வருகின்றன.